சிலம்பை யார் உடைப்பது?

ஒரு மென்பொருளைச் சோதித்து முடித்து, அறிக்கையின் கடைசியில் ‘பாஸ்’ என்று எழுதுகிறவர் எதற்குச் சாட்சி சொல்கிறார்? பன்னிரண்டு வருடமாக இந்த வேலையைத்தான் செய்கிறேன். முதலில் கோலாலம்பூரில், இப்போது சிங்கப்பூரில். நிரல் எழுதுகிறவர்கள் எழுதிக் கொடுப்பார்கள். அது எங்கே உடையும் என்று பார்ப்பது என் வேலை. உறவினர் வீட்டு விசேஷத்தில் ஒரு பெரியம்மா, “என்னப்பா வேல பாக்குற?” என்று கேட்டார். விளக்கினேன். “தப்பு கண்டுபிடிக்கிறதுக்குச் சம்பளமா? நம்ம குடும்பத்துல எல்லாரும் அத சும்மாவேல்ல செய்றாங்க” என்றார்.

தப்பைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமில்லை. கண்டுபிடித்த தப்பு அதற்குப் பிறகு எங்கே போகிறது என்பதில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. நான் வேலை பார்த்த ஒவ்வோர் இடத்திலும் வருடத்துக்கு ஒருமுறையாவது ‘டெஸ்டிங் நடைமுறையை மேம்படுத்துவோம்’ என்று கூட்டம் போடுவார்கள். புதிய கருவி வாங்குவார்கள். புதிய படிவம் வரும். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணப் பலகை ஒன்று சுவரில் ஏறும். கெட்ட செய்தியோடு வருகிறவரை நாம் எப்படி நடத்துகிறோம் என்ற பேச்சு மட்டும் அந்தக் கூட்டங்களில் எழுந்து நான் பார்த்ததில்லை. சோதனை நடைமுறையைச் சீர்படுத்துவது முதலில் ஓர் அறக்கேள்வி, தொழில்நுட்பம் அதற்குப் பிறகுதான் என்பது என் எண்ணம். அதை இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

*

‘பாஸ்’ என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம். டச்சுக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா 1969இல் ரோம் நகரில் நடந்த மென்பொருள் பொறியியல் மாநாட்டிலேயே இதைச் சொல்லிவிட்டார். சோதனையால் பிழை இருப்பதைக் காட்ட முடியும். பிழை இல்லை என்று காட்ட முடியாது. அறிவியல் கோட்பாடுகளைப் பற்றி கார்ல் பாப்பர் 1934இல் எழுதிய நூலின் வாதமும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. எத்தனை வெள்ளை அன்னங்களைப் பார்த்தாலும் எல்லா அன்னமும் வெள்ளை என்று நிறுவ முடியாது. ஒரே ஒரு கறுப்பு அன்னம் வந்தால் போதும், அந்தக் கூற்று விழுந்துவிடும்.

இது வெறும் தத்துவ விளையாட்டு இல்லை. இரண்டு எண்களைக் கூட்டும் ஒரு சின்ன நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் 32 பிட் இடம். எல்லா இணைகளையும் ஒவ்வொன்றாகச் சோதிப்பது என்று முடிவெடுத்து, நொடிக்கு நூறு கோடி இணை வீதம் ஓட்டினாலும் முடிக்க 580 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கூட்டலுக்கே இந்தக் கதி என்றால், வங்கிக் கணக்கையும் மருத்துவமனைப் பதிவேட்டையும் கேட்கவே வேண்டாம்.

அப்படியானால் ‘பாஸ்’ என்பதற்கு ஒரே பொருள்தான் மிஞ்சுகிறது: நாங்கள் தேடிய இடங்களில், நாங்கள் தேடிய விதத்தில், ஒன்றும் கிடைக்கவில்லை. எங்கே தேடினோம், எங்கே தேடாமல் விட்டோம் என்பதைச் சொல்லாத ‘பாஸ்’ பாதிச் சாட்சியம்தான். ஆனால் மேலே போகப் போக அந்தப் பாதியும் தேய்ந்து ‘பிரச்சினை இல்லை’ என்றாகிவிடுகிறது. டெஸ்டர் எழுதிய நாலு பக்கம் மேனேஜரிடம் நாலு வரியாகும், இயக்குநரிடம் ஒரு பச்சைப் புள்ளியாகும்.

கிளென்ஃபோர்ட் மையர்ஸ் 1979இல் மென்பொருள் சோதனைக் கலை பற்றி எழுதிய நூல் இன்றும் எங்கள் துறையில் படிக்கப்படுகிறது. பிழையைக் கண்டுபிடிக்கும் நோக்கத்தோடு நிரலை இயக்குவதுதான் சோதனை என்று அதில் வரையறுக்கிறார். ‘நோக்கத்தோடு’ என்ற சொல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நிரல் வேலை செய்கிறது என்று காட்டப் புறப்படுகிறவரும் அது எங்கே தவறும் என்று பார்க்கப் புறப்படுகிறவரும் ஒரே திரையைத்தான் பார்க்கிறார்கள், ஆனால் வேறு வேறு விஷயங்கள் கண்ணில் படுகின்றன. நூலின் தொடக்கத்தில் மையர்ஸ் ஒரு சின்னப் பயிற்சி தருகிறார். ஒரு நிரல் மூன்று எண்களைப் பெற்று, அவை எந்த வகை முக்கோணத்தின் பக்கங்கள் என்று சொல்கிறது; இதைச் சோதிக்க என்னென்ன உள்ளீடு தருவீர்கள்? 14 கேள்விகளை வைத்து மதிப்பெண் போட்டால், தேர்ந்த நிரலர்களே சராசரியாக 7.8தான் எடுக்கிறார்கள் என்று எழுதுகிறார். 1, 2, 3 என்று கொடுத்தால் முக்கோணமே வராது என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. அறிவில் குறை ஒன்றும் இல்லை. முக்கோணம் என்றதும் மனம் நல்ல முக்கோணத்தையே நினைத்துக்கொள்கிறது.

*

மனிதர்கள் விஷயத்திலும் இதுவே நடக்கிறது. ‘பயனர்’ என்றதும் மனம் ஒரு நல்ல பயனரை நினைத்துக்கொள்கிறது. பெரும்பாலும் அவருக்கு ஜான் ஸ்மித் என்று பெயர், இங்கே என்றால் டான் ஆ கோவ். முதல் பெயர் ஒன்று, குடும்பப் பெயர் ஒன்று, எல்லாம் எழுத்துகள்.

நம் பெயர்கள் அப்படி இல்லை. மலேசியத் தமிழரின் அடையாள அட்டையில் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே ‘ஏ/எல்’ அல்லது ‘ஏ/பி’ இருக்கும். சிங்கப்பூரில் ‘எஸ்/ஓ’, ‘டி/ஓ’. அந்த ஒரு சாய்கோடு எத்தனை படிவங்களில் மாட்டிக்கொண்டது என்று உங்கள் அப்பாவைக் கேட்டுப் பாருங்கள். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், காப்புறுதித் தொகை கோரும் செயலி ஒன்றைச் சோதித்தோம். மாதிரித் தரவில் இருந்த பெயர்கள் எல்லாம் ஒழுங்காகப் போயின. என் அப்பா பெயரைப் போட்டேன். ‘பெயரில் எழுத்துகள் மட்டுமே இருக்க வேண்டும்’ என்று சிவப்பாக வந்தது.

“சாய்கோட்ட எடுத்துட்டுப் போடச் சொல்லலாமே” என்றார் டெவலப்பர், நம்மவர்தான். எடுத்துவிட்டுப் போட்டேன். அடுத்த திரை பெயரை அடையாள அட்டைப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்து, ‘விவரம் பொருந்தவில்லை’ என்று வெளியே அனுப்பிவிட்டது. “சரி, ஆனா எவ்ளோ பேருக்கு இது வரப் போவுது? லோ பிரையாரிட்டின்னு போடுங்க” என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. அந்த வாரம் அவர் தலையில் இருபது வேலை இருந்தது. அறிக்கையில் முதலில் ‘பெயர்ப் புலம் சிறப்புக் குறிகளை ஏற்கவில்லை’ என்று இருந்தது. அதை மாற்றி எழுதினேன்: ‘தந்தை பெயரோடு சாய்கோடு உள்ள எந்த இந்தியரும் இந்தச் செயலி வழியாக இழப்பீடு கோர முடியாது.’ அடுத்த நாள் காலையிலேயே அது அவசரப் பட்டியலுக்குப் போய்விட்டது. பிழை அதே பிழைதான். மொழிதான் மாறியது. முதல் வாக்கியத்தில் மனிதர் இல்லை; இரண்டாவதில் இருந்தார். யார் பாதிக்கப்படுவார் என்று எழுதுவதை ஒரு கட்டாய விதியாக்கினாலே பாதி நடைமுறை மேம்பட்டுவிடும் என்று அன்றிலிருந்து நம்புகிறேன். இலக்கியம் வாசிக்கிறவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. முன்பின் தெரியாத ஒருவர் இடத்திலிருந்து பார்ப்பது நமக்குப் பழகிய வேலைதானே.

*

தமிழில் சோதனையைப் பற்றிய பெரிய கதை ஒன்று நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. சிலப்பதிகாரத்தை ஒரு டெஸ்டராக வாசித்துப் பாருங்கள். அரசியின் சிலம்பு காணாமல் போயிருக்கிறது. பொற்கொல்லன் ஒருவன் வந்து, திருடன் சிலம்போடு என் இடத்தில் இருக்கிறான் என்கிறான். இரண்டு சிலம்பும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல. ஆனால் அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டக்கூடிய சோதனை ஒன்றே ஒன்றுதான்: உடைத்துப் பார்ப்பது. பாண்டியன் அதைச் செய்யவில்லை. ஊடலில் இருந்த தேவியைச் சமாதானம் செய்யப் போகும் அவசரம் அவனுக்கு. எங்கள் மொழியில் டெட்லைன் என்போம். சாட்சி சொன்னவனோ, உண்மையில் சிலம்பைத் திருடியவன். சோதனை நடந்தது, ஆனால் கோவலன் செத்த பிறகு. நடத்தியவள் அவன் மனைவி.

பிரிட்டனில் இதேபோன்ற ஒன்று நூற்றுக்கணக்கான பேருக்கு நடந்தது. 1999 முதல் அங்குள்ள அஞ்சல் நிறுவனம், ஃபுஜிட்ஸு தயாரித்த ‘ஹொரைசன்’ என்ற கணக்கு மென்பொருளைக் கிளைகளுக்குக் கொண்டுவந்தது. கிளைகளில் பெரும்பாலானவை ஊர் மூலையில் இருக்கும் சின்னக் கடைகள்; ஒப்பந்த அடிப்படையில் நடத்துகிறவர்கள், அவர்களில் தெற்காசியக் குடும்பங்கள் நிறைய. கணினி சொல்லும் தொகைக்கும் பெட்டியில் இருக்கும் பணத்துக்கும் வித்தியாசம் வந்தால் அவர்கள் கைக்காசைப் போட்டு ஈடுகட்ட வேண்டும். முடியாதவர்கள்மேல் திருட்டு வழக்கு, பொய்க்கணக்கு வழக்கு. 2015 வரை 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டார்கள். சுமார் 700 வழக்குகளைத் தொடுத்தது அஞ்சல் நிறுவனமே. சீமா மிஸ்ரா என்ற கிளை நடத்துநர் 2010 நவம்பரில் கர்ப்பிணியாகச் சிறைக்குப் போனார்.

பிழைகள் எப்படிப்பட்டவை? 2015இல் டால்மெலிங்டன் என்ற ஸ்காட்லாந்துக் கிராமத்தில் வெளிப்பட்ட ஒன்று, எந்தத் தொடக்கநிலை டெஸ்டரும் முயன்று பார்க்கக்கூடியது. ஒரு கிளையிலிருந்து இன்னொன்றுக்கு 8,000 பவுண்டு அனுப்பியதைப் பதிவுசெய்கிறார்கள். திரை உறைந்து நிற்கிறது. நீங்களும் நானும் செய்வதைத்தான் அங்கிருந்தவரும் செய்தார்: மறுபடி என்டர் தட்டினார், மறுபடியும் தட்டினார். ஒவ்வொரு தட்டலுக்கும் கணினி இன்னொரு 8,000 வந்ததாக எழுதிக்கொண்டது. கடைசியில் கணக்கில் 24,000 பவுண்டு இடித்தது.

இதைவிட என்னை உறுத்துவது, பிழைகள் தெரிந்தே இருந்தன என்பது. தயாரிப்பு நிறுவனத்திடம் அறியப்பட்ட பிழைகளின் பட்டியல் ஒன்று இருந்தது. உதவி கேட்டுத் தொலைபேசியில் அழைத்த பலர், ‘உங்களுக்கு மட்டும்தான் இப்படி வருகிறது’ என்ற பதில் கிடைத்ததாகப் பிறகு சாட்சியம் அளித்தார்கள். அந்த மென்பொருளைச் செய்த நிறுவனத்தின் ஆட்களே நீதிமன்றத்துக்கு வந்து மென்பொருளுக்குச் சாட்சி சொன்னார்கள். பொற்கொல்லன் ஞாபகம் எனக்கு இங்கேதான் வருகிறது.

சட்டமும் கூட நின்றது. இங்கிலாந்தில் 1984ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் 69ஆம் பிரிவு, கணினி தந்த ஆதாரத்தை வழக்கில் வைப்பவர், கணினி ஒழுங்காக இயங்கியது என்று காட்ட வேண்டும் என்றது. 1999இல் நிறைவேறிய சட்டம் அந்தப் பிரிவை நீக்கியது. அதன்பின், மறுப்புக்கு ஆதாரம் வராதவரை கணினி சரியாகவே இயங்கியது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். அதாவது ‘பாஸ்’ என்பதே தொடக்கநிலை. இல்லை என்று காட்டும் சுமை, நிரலைக் கண்ணாலும் பார்க்க வழியில்லாத ஒரு கடைக்காரர் தலையில்.

2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அந்த மென்பொருள் நம்பத்தக்கதாக இருக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. 2021 ஏப்ரலில் 39 பேரின் தண்டனைகள் ரத்தாயின, சீமா மிஸ்ராவினுடையதும். 2024 மே மாதம் மீதமுள்ளவர்களில் பெரும்பாலானோருக்காக நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. பாண்டியன் சிலம்பு உடைந்த மறுகணமே தானே கள்வன் என்று ஒப்புக்கொண்டு உயிர்விட்டான். இங்கே ஒப்புக்கொள்ள இருபது வருடம் ஆனது.

*

இதில் டெஸ்டர்களின் பங்கு என்ன? எளிதான பதில், ‘தைரியமாக இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும்’ என்பது. அந்தப் பதில் எனக்குப் போதவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாமாக் கடையில் உட்கார்ந்து, மேனேஜராக இருக்கும் நண்பரிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “நீ சொல்றதெல்லாம் சரி லா. ஆனா எந்த சாப்ட்வேர்ல பிழை இல்ல? எல்லாம் தீர்ற வரைக்கும் காத்திருந்தா ஒண்ணுமே வெளிய வராது. ஆஸ்பத்திரிக்கு ஒரு சிஸ்டம் லேட்டானா, அது வரைக்கும் நர்ஸுங்க பேப்பர்லதான எழுதுவாங்க? பேப்பர்ல தப்பு வராதா? லேட் பண்றதும் ஒரு முடிவுதான். அதுக்கும் எவனாச்சும் விலை குடுக்கிறான்.”

அவர் சொன்னது உண்மை. எல்லாவற்றுக்கும் ‘வேண்டாம்’ சொல்லும் டெஸ்டர் பல்லி விழுந்த பலன் சொல்பவர் மாதிரி ஆகிவிடுவார். கொஞ்ச நாளில் யாரும் கேட்கமாட்டார்கள். தவிர, டெஸ்டரை வாசல் காவலாளியாக நிறுத்துவதில் ஒரு தந்திரம் இருக்கிறது. காவலாளி இருக்கிறார் என்றால் வீட்டிலுள்ளவர்கள் கதவைப் பூட்ட மறந்துவிடலாம். பிழை வெளியே போனால், ‘டெஸ்டிங்ல எப்படி விட்டீங்க?’ என்று கேட்டுவிடலாம்.

தத்துவ அறிஞர் ஹெலன் நிஸன்பாம் 1996இல் எழுதிய கட்டுரை ஒன்றில், கணினிமயமான சமூகத்தில் பொறுப்பு ஏன் கரைந்துபோகிறது என்பதற்குச் சில தடைகளைச் சொல்கிறார். பல கைகள் சேர்ந்து செய்வதால் யார் கை என்று தெரிவதில்லை. பிழை என்பது மழை, வெயில் மாதிரி இயற்கை என்று எல்லாரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். எதற்கெடுத்தாலும் கணினிமேல் பழியைப் போட முடிகிறது. மென்பொருளுக்கு உரிமை கொண்டாடும் நிறுவனம் விளைவுக்குப் பொறுப்பேற்பதில்லை. நான் வேலை பார்த்த எல்லா இடத்திலும் இந்த நான்கையும் பார்த்திருக்கிறேன்.

எனவே டெஸ்டரை நீதிபதியாக நினைக்காமல் சாட்சியாக நினைத்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. வெளியிடலாமா கூடாதா என்ற முடிவு அதிகாரமும் சம்பளமும் அதற்கென்றே பெறுகிறவருடையது. சாட்சியின் கடமை, முடிவெடுப்பவர் நாளைக்கு ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லமுடியாதபடி செய்வது. நல்ல சோதனை நடைமுறையை நான் அளக்கும் கோல் இதுதான்.

*

அப்படிப் பார்த்தால் எதை மாற்றுவது என்பதும் தெளிவாகிறது.

முதலில், எண்ணிக்கையை விடுவது. ஓர் அளவை இலக்காக்கினால் அது அளவாக இருக்கும் தகுதியை இழந்துவிடும் என்பது பிரிட்டிஷ் பொருளியலாளர் சார்ல்ஸ் குட்ஹார்ட் பெயரால் வழங்கும் விதி. எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனத்தில் கண்டுபிடித்த பிழைகளின் எண்ணிக்கையை வைத்து டெஸ்டர்களுக்கு போனஸ் கொடுத்தார்கள். ஒரு பக்கத்தில் நாலு எழுத்துப்பிழை இருந்தால் நாலு பதிவு போட்டார்கள். மேலிடம் விழித்துக்கொண்டு, இனிப் பிழை குறைந்தால்தான் போனஸ் என்றது. அடுத்த மாதத்திலிருந்து எல்லாரும் உட்கார்ந்து, இது பிழையா, ‘வருங்கால மேம்பாடா’ என்று வாதாடினார்கள். பிழைகள் அப்படியே இருந்தன, பெயர்கள் மாறின.

இரண்டாவது, ‘பாஸ்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பதிலாக மூன்று வரி: எதைப் பார்த்தோம், எதைப் பார்க்கவில்லை, தெரிந்தே விடும் பிழை யாரைத் தொடும். அதன் கீழே வெளியிட முடிவெடுத்தவர் பெயர். இதற்குக் கருவி எதுவும் வாங்க வேண்டாம், ஒரு தாள் போதும். கையெழுத்துப் போடுமுன் ஒரு நிமிடம் பேனா நின்றால் அந்தத் தாள் தன் வேலையைச் செய்துவிட்டது.

மூன்றாவது, வெளியிலிருந்து வரும் புகாரையும் உள்ளே இருக்கும் பிழைப் பட்டியலையும் ஒரே இடத்தில் வைப்பது. அழைப்பை எடுக்கிறவருக்கு அந்தப் பட்டியல் தெரிந்தால், ‘உங்களுக்கு மட்டும்தான்’ என்ற பதிலை அறியாமையால் யாரும் சொல்ல முடியாது.

நான்காவது, நிறுத்தச் சொன்னவரைத் தண்டிக்காமல் இருப்பது. டொயோட்டா தொழிற்சாலைகளில் அசெம்பிளி வரிசையை ஒட்டி ஒரு கயிறு தொங்கும். கோளாறைக் கண்ட எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். மேற்பார்வையாளர் ஓடிவருவார், குறித்த நேரத்துக்குள் தீரவில்லை என்றால் வரிசையே நிற்கும். கயிறு மலிவான பொருள்தான். இழுத்தவரைப் பார்த்து யாரும் முறைக்காமல் இருக்கும் பழக்கத்தை உண்டாக்கத்தான் வருடங்கள் ஆகின்றன. உள்ளே கயிறு இல்லையென்றால் ஒருநாள் வெளியிலிருந்து யாராவது இழுப்பார்கள், அதற்கு விலை அதிகம். 2023இல் பலமுறை சேவை முடங்கியதைத் தொடர்ந்து, அந்த நவம்பரில் டிபிஎஸ் வங்கியின் அவசியமற்ற தகவல் தொழில்நுட்ப மாற்றங்களை ஆறு மாதத்துக்கு நிறுத்திவைக்கும்படி சிங்கப்பூர் நாணய ஆணையம் உத்தரவிட்டது. நிறுத்துவது முடியாத காரியம் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

இவ்வளவும் செய்தாலும் பிழை வெளியே போகும். 580 வருடக் கணக்கு நம்மை விடாது. ஆனால் போன பிழை ஒரு கடைக்காரரைத் திருடராக்குவதற்கும், ‘எங்கள் தவறு, மன்னியுங்கள்’ என்ற ஒரு கடிதத்தோடு முடிவதற்கும் நடுவே இருக்கும் தூரம் முழுக்க மனிதர்கள் கையில் இருக்கிறது.

இதை வாசிக்கும் உங்களில் சிலர் இந்த வேலைக்கு வருவீர்கள், அல்லது இந்த வேலையைச் செய்கிறவர்களுக்கு மேலே உட்காருவீர்கள். நேர்முகத் தேர்வின் முடிவில், “உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா?” என்பார்கள். சம்பளத்தையும் விடுப்பையும் கேளுங்கள், தப்பில்லை. கூடவே இதையும் கேட்டுவையுங்கள்: “கடைசியா ஒரு ரிலீஸ நிறுத்தச் சொன்னது யாருங்க? அவர் இப்ப இங்கதான் வேல பாக்குறாரா?”